மட்டை நுழையாத வளையம்

1
இந்தக் கதை பிறந்தது பெரம்பலூரில், மாவட்டப் பெண்கள் ஹாக்கித் தேர்வு நடந்த மைதானத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டைகளைச் சோதிக்கும் மேசையில் நான்: உடற்கல்வி ஆசிரியன், ஓய்வில் எழுத்தாளன். கையில் இரும்பு வளையம். உள்விட்டம் ஐந்து புள்ளி ஒன்று சென்டிமீட்டர். மட்டை அதற்குள் நுழைந்து வெளியே வந்தால்தான் ஆடலாம்.

“பிரவீணாவின் மட்டை வளையத்தில் சிக்கியது” என்று தொடங்கினேன். பொய்யில்லாத வாக்கியம். [அதுதான் அதன் அசிங்கம்.]

2
பிரவீணா பாடாலூர்ப் பெண். (பெயரை மாற்றிவிட்டேன், அவளுக்காக அல்ல.) யாரோ கொடுத்த பழைய கார்பன் மட்டை, கீறல் விட்டது. அப்பா கொளஞ்சி, பஸ்களுக்கு ஃபைபர் வேலை செய்பவர், கண்ணாடியிழைத் துணி சுற்றி, ரெசின் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்திருந்தார்.

இங்கே கார்பனின் விறைப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். தெரிந்ததைப் பேசிக்கொண்டிருந்தால் செய்ததைச் சொல்ல வேண்டாம் பாருங்கள்.

3
“எங்கப்பா வளையத்துல சரியாப் போச்சுங்க சார்.” பைப்பில் அறுத்த துண்டை நீட்டினாள்.

“பைப்புத் துண்டெல்லாம் இங்க செல்லாதும்மா.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

[அதன் உள்விட்டம் இரண்டு அங்குலம், ஐந்து புள்ளி பூஜ்யம் எட்டு சென்டிமீட்டர். அவருடைய வளையம் விதியைவிட இறுக்கம். அப்போதே எனக்குத் தெரியும்.]

“இன்னொரு தரம் வுட்டுப் பாருங்க சார். வேற ஸ்டிக்கு இல்லீங்க.”

விட்டேன். வளையம் சற்றே சாய்ந்து—

சாய்த்தேன். முதல் தடவையும் நான்தான் சாய்த்தேன். சாய்த்துப் பிடித்தால் எந்த மட்டையும் சிக்கும். அவள் இடத்துக்குப் போட்டியிட்ட இலக்கியா என் பள்ளி மாணவி, அவளே தேர்வானாள். எழுதவே கூசுகிறது.

4
முடிவு ஒன்று: கொளஞ்சியிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவர் டீ வாங்கித் தருகிறார். [என் செலவை அவர் தலையில் கட்டுகிறேன்.] அடித்தாயிற்று.

முடிவு இரண்டு: பிரவீணா எப்படியோ பெரிய ஆட்டக்காரி ஆகிறாள். இதுவும் என் வசதிக்குத்தான்.

5
கதை உண்மையில் பிறந்தது நேற்று. கொளஞ்சி மட்டையோடு என் பள்ளிக்கு வந்தார்.

“தப்பு எம் மேலதாங்க சார். எந்த எடத்துல தடிச்சிருக்குன்னு காட்டுங்க, தேச்சுடறேன். புள்ள எங்கிட்ட பேசவே மாட்டேங்குது.”

நான் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

கீறலை மூடிய சுற்று அது, அங்கே தேய்த்தால் மட்டை முறியும். பஸ்ஸில் அரை மணி நேரம்தான், போய்த் தடுக்கலாம். போகாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாடாலூர் வழியாகப் போகிறவர் யாராவது கொளஞ்சியின் பட்டறையில் இறங்கித் தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கொளஞ்சி என்பது நிஜப் பெயர்தான். யார் சொன்னது என்று கேட்பார். என்ன சொல்வது என்பது உங்கள் பாடு.