காதோரம் ஒரு கொத்து நரை

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பவுடர் டப்பாவிலிருந்து வந்தது. நான் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதுகிறவன். எங்கள் தொடரின் கதாநாயகி ஒரு பெரியம்மா. மொத்தக் குடும்பத்தையும் ஆட்டி வைப்பவள். அவளாக நடிக்கிற நடிகைக்கு இருபத்தொன்பது வயது. இடது காதோரம் ஒட்டுகிற ஒரு கொத்து வெள்ளை முடியை வைத்துத்தான் அவரை ஐம்பத்தைந்து ஆக்குகிறோம். அந்தக் கொத்து இருக்குமிடம் ஒப்பனைக்காரரின் பவுடர் டப்பா. போன திங்கட்கிழமை டப்பா இருந்தது, கொத்தைக் காணோம்.

அன்று முழுக்கப் பெரியம்மாவை வலப் பக்கமிருந்தே படம் எடுத்தார்கள். தேநீர் இடைவேளையில் அவரே என்னிடம் வந்து குட்டை உடைத்தார். திருடியது அவர்தான். ஏன் என்றும் சொன்னார். “எழுதுங்க சார், ஆனா பேர் போட்டா அடுத்த நாள் ஷூட்டிங்குக்கு வர மாட்டேன்” என்றார். ஆகையால் இதில் யாருக்கும் பெயர் இல்லை. என் பெயரையும் எடுத்துவிட்டேன், அப்புறம் அவருக்கு மனத்தாங்கல் வரக்கூடாது பாருங்கள்.

2.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘வானம் இருண்டிருந்தது. இடி—’ (வேண்டாம். இடி இசையமைப்பாளரின் இலாகா.)

‘அவள் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள்—’ (நடிகையின் வீட்டுக்குள் மாடிப்படி இல்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு பால்கனி.)

‘அதிகாரம் என்பது—’ (கட்டுரை. வாசகர் ஓடிவிடுவார்.)

ஓடினாலும் பரவாயில்லை, கொஞ்சம் கட்டுரை இல்லாமல் இந்தக் கதை நிற்காது. எங்கள் தொழிலில் நரைக்கு ஒரு சட்டம் உண்டு. காதோரம் ஒரு கொத்து என்றால் அவள் சொல்வதுதான் தீர்ப்பு. இரண்டு பக்கமும் என்றால் ஆலோசனை சொல்லலாம், கேட்பது கேட்காதது மற்றவர் இஷ்டம். தலை முழுக்க வெள்ளை என்றால் கட்டில், இருமல், பிறகு சுவரில் படம். வசனம் கிடையாது. அதாவது, வயது ஏற ஏற அதிகாரமும் ஏறும், ஒரு கொத்து வரைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு முடிக்கும் ஒரு பக்க வசனம் போய்விடும்.*

மீதியைக் காமிரா பார்த்துக்கொள்ளும். பெரியம்மா குள்ளம் என்பதால் காலடியில் ஒரு மரப்பெட்டி. காமிரா தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும். அவர் ஒரு வாக்கியம் சொன்னால் அறையில் உள்ள ஒவ்வொருவர் முகத்தையும் மூன்று முறை காட்டுவோம். காது கேட்காதவருக்குக்கூட யார் பெரியவர் என்று புரிந்துவிடும்.

* இந்தச் சட்டத்தைக் கிண்டலடித்து ஒரு கட்டுரை எழுதப்போவதாக மூன்று வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை நினைவில் வையுங்கள். பின்னால் எனக்கு மானம் போகும்போது தேவைப்படும்.

3.

இனி கதை. அந்தக் கொத்து காதில் இருக்கும்வரை பெரியம்மாவின் வாழ்க்கை ஜோராக இருக்கும். விளக்குக்காரர் எழுந்து நாற்காலி தருவார். இயக்குநரே தன்னையறியாமல் குரலைத் தாழ்த்துவார். ஆறு மணிக்கு ஒப்பனைக்காரர் பசையோடு அதைப் பிடுங்கியதும், “ஏம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு” என்று அதே விளக்குக்காரர் சொல்லுவார்.

வீட்டில் இன்னும் மோசம். அவருக்கு ஒன்பது வயது மூத்த அண்ணன் ஒருவர், வேறு ஊரில் ஒரு கம்பெனியில் மேலாளர். தங்கையை இன்றைக்கும் ‘குட்டி’ என்றுதான் கூப்பிடுவார். அண்ணனோடு வாதாடி அவர் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை.

போன மாதம் அவர்களுடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விடுவது என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். தங்கையோ அம்மா தன்னுடன்தான் இருக்கவேண்டும் என்கிறார். அம்மா இல்லாத அந்த வீட்டின் கதவைத் திறக்கவே தன்னால் முடியாது என்று சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தொல்லை. தொடரில் இப்படி நேராது, வில்லன் நுழையும்போதே இசை சொல்லிவிடும்.

அண்ணன் பேச வருகிறேன் என்றது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமையே கொத்து கைப்பைக்குள் போய்விட்டது.

4.

ஞாயிறு காலை, லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்து அதை ஒட்டிக்கொண்டார். உள்ளே அண்ணன் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரோரக் கட்டிலில் அம்மா. மேசையில் மூன்று தேநீர்.

(அண்ணன் தலை கரேலென்று இருந்தது. மாதம் இருமுறை சாயம். உள்ள நரையை அவர் மறைக்கிறார், இல்லாத நரையை இவர் ஒட்டுகிறார். இதைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்கே புரியும்.)

மரப்பெட்டி இல்லாததால் பால்கனி வாசற்படியின் மேல் ஏறி நின்றார் தங்கை. மூன்று அங்குலம். முகவாயை உயர்த்தி, “அம்மா இங்கதான் இருப்பாங்க” என்றார். பிறகு பழக்க தோஷத்தில், காமிரா மூன்று முறை வந்து போவதற்கான நேரம் விட்டு அசையாமல் நின்றார்.

அண்ணன் பதறி எழுந்தார். “என்னாச்சு குட்டி, தலை சுத்துதா?”

இங்கே இரண்டு முடிவுகளை யோசித்தேன். முதல் முடிவில் அண்ணன் மனம் மாறி, தங்கையின் கையைப் பிடித்து— (தொடர்.) இரண்டாவதில் தங்கை கொத்தைத் தானே பிடுங்கி எறிந்து, ‘இதுதான் நான்’ என்று— (விருது வாங்குகிற படம்.)

நடந்தது வேறு. மின்விசிறிக் காற்றில் பசை விட்டது. கொத்து நழுவி அண்ணனின் தேநீரில் விழுந்தது. அண்ணன் அதைக் கரண்டியால் எடுத்து நீண்ட நேரம் பார்த்தார். அப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தார். தங்கை அழுதுவிட்டார். சிரித்து முடித்த அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு வண்டி வரும், அம்மா துணிமணிகளை எடுத்து வை என்று சொல்லிப் போய்விட்டார்.

கொத்து இப்போது தேநீர் நிறத்தில் இருக்கிறது. ஒப்பனைக்காரர் அதை வெயிலில் காயவைத்தபடி, “ரெண்டு தடவ அலசிட்டேன் சார், பெரியம்மா இளமையாயிட்டே போறாங்க” என்றார்.

5.

இத்துடன் முடித்துவிட்டு ஒரு முறை படித்துப் பார்த்தேன். என் வழக்கப்படி யார் யாருக்கு எவ்வளவு வசனம் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். தங்கைக்கு உண்டு. அண்ணனுக்கு உண்டு. விளக்குக்காரருக்கு, ஒப்பனைக்காரருக்கு, ஏன், தேநீரில் விழுந்த முடிக்குக்கூட ஒரு காட்சி உண்டு.

அம்மா?

நீங்களே மேலே போய்ப் பாருங்கள். ‘சுவரோரக் கட்டிலில் அம்மா.’ அவ்வளவுதான். யாரைப் பற்றிய சண்டையோ அவரைக் கட்டிலில் போட்டுவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். ஊருக்குத்தான் உபதேசம். எனக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது.

உடனே நடிகைக்குப் போன் செய்தேன். இன்று வியாழன், அவருக்குப் படப்பிடிப்பு இல்லை. அன்றைக்கு அம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

“நாங்க கேக்கலையே சார்.”

6.

போன் கைமாறியது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

“வசனம் எழுதுற தம்பியா?”

ஆமாம் என்றேன்.

தொடரைத் தினமும் பார்க்கிறாராம். ஒரே முகத்தை எதற்கு மூன்று தடவை காட்டுகிறீர்கள், எனக்கு முதல் தடவையே தெரிகிறதே என்றார். மன்னிப்புக் கேட்டேன். கட்டிலில் இருமிக்கொண்டிருந்த கிழவியைப் போன மாதம் படமாக்கி மாட்டினீர்களே, அவளுக்கு என்ன வியாதி, கடைசிவரை யாரும் சொல்லவில்லையே என்றார். எனக்கே தெரியாது என்பதைச் சொல்லவில்லை. பிறகு மெல்லக் கேட்டேன்: அம்மா, நீங்கள் போகப்போகிறீர்களா, இருக்கப்போகிறீர்களா?

“அத உங்ககிட்ட எதுக்குத் தம்பி சொல்லணும்? ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வருவாங்கல்ல, உக்கார வச்சு சொல்லிக்கிறேன். ஒருத்தன் நாற்காலிய விட மாட்டான், ஒருத்தி வாசப்படிய விட மாட்டா. அன்னைக்கு அந்த நாற்காலி எனக்கு.”

சரி என்றேன். இதை ஒரு கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“எழுதுங்க. ஆனா ஒண்ணு. நான் பேசுறப்ப நடுவுல மியூசிக் போடாதீங்க.”

7.

ஞாயிறு இன்னும் வரவில்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அவருக்காக ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது ஞாயிறு கடந்திருக்கலாம். உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆனால் தெரியும் என்று நினைத்து நிரப்பாதீர்கள், கட்டிலில் இருப்பவரைக் கேட்டுவிட்டு நிரப்புங்கள். நான் இடம் மட்டும் விட்டிருக்கிறேன்.

(பகல். கைவைத்த நாற்காலியில் அம்மா. மகனும் மகளும் கட்டிலில். காமிரா அவர் கண் மட்டத்தில். இசை இல்லை.)

அம்மா: