உடைந்த ஊசிப் பதிவேடு

கம்பெனி எனக்குத் தர வேண்டியிருந்தது நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு ரூபாயும் இருபத்தைந்து காசும். நூற்று நாலு நாள் அந்தப் பணத்தைத் தினமும் கண்ணால் பார்த்தேன். கேஷியரின் கையில்தான் இருந்தது. கேஷியர் தூங்கிக்கொண்டிருந்தார்.

எங்களுடையது சட்டை தைக்கிற கம்பெனி. நான் லோடுமேன். துணி உருளைகளை லாரியிலிருந்து இறக்குவேன், சட்டைப் பெட்டிகளை ஏற்றுவேன். முப்பது வருஷம் சம்பளப் புத்தகத்தில் கட்டைவிரலை உருட்டியவன். ஐம்பத்தாறு வயதில் சங்க அறையில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தேன். அந்த மாதம்தான் முதல் தடவையாகக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்க இருந்தேன்.

வாங்கியதும் பல் டாக்டரிடம் போக வேண்டும். என் வீட்டுக்காரிக்குப் பல் செட் தயார். விலை நாலாயிரத்து முந்நூறு. பணம் வந்தால்தான் பல் என்று டாக்டர் அதைக் கண்ணாடி டம்ளரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். அவள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகத் தன் பல்லைப் பார்த்துவிட்டு வருவாள். பல் இல்லையே தவிர பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.

இப்போது ஊசியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அத்தனையும் பொறுக்கி ஒரு பதிவேட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும் என்பது எங்கள் கம்பெனியின் சட்டம். ஒரு துண்டு குறைந்தாலும் புது ஊசி கிடையாது. துண்டு சட்டைக்குள் போய் வாங்குகிறவன் கழுத்தில் குத்தினால் யார் பதில் சொல்வது? அந்தப் பதிவேட்டை முப்பத்தோரு வருஷம் காத்தவள் ஊசியம்மா. முதலாளியே வந்து நின்றாலும் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து "துண்டு எங்க?" என்றுதான் கேட்பாள். வயதாகிவிட்டது என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பதிவேட்டைச் சூப்பர்வைசரிடம் கொடுத்தார்கள்.

முதலாளியின் மகள், எங்களுக்குச் சின்ன மேடம், மேனேஜரான அன்றைக்கு ஒரு விருந்து வைத்தார்கள். கேன்டீனில் ஓரம் உடையாத தட்டு பன்னிரண்டுதான் இருந்தது. பதிமூன்றாவது ஆள் ஊசியம்மா. சூப்பர்வைசர் அவள் பேரை அடித்துவிட்டார். அவள் கூப்பிடாமலே வந்து நின்றாள்.

"தட்டு இல்லன்னு சொல்லியிருந்தா நானே ஒண்ணு கொண்டு வந்திருப்பேனே" என்றாள். அப்புறம் சின்ன மேடத்தைப் பார்த்து, "உன் விரல்ல ஊசி குத்தும்மா. அந்த ஊசியோட கடைசித் துண்டு பதிவேட்டுல ஏறுற வரைக்கும் இங்க ஒருத்தரும் ஒரு தையல் போட மாட்டாங்க" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் அவளுக்கு ஒரு ஐஸ்கிரீம் கப்பைக் கொடுத்து வழியனுப்பினார்.

அடுத்த சம்பள நாளில் சின்ன மேடம், "நானும் ஒரு காலர் தைச்சுப் பாக்குறேன்" என்று மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். ஊசி உடைந்து விரலில் குத்தியிருக்கிறது. நான் கேட்டுக்கு வெளியே லாரியின் மேல் நின்றிருந்தேன். உள்ளே இருநூறு மெஷின் சத்தமும் ஒரே மூச்சில் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து உள்ளே போனால் ஃபேன் சுற்றுகிறது, ஆட்கள் தூங்குகிறார்கள். வாட்ச்மேன் பாதி சல்யூட்டில் தூங்கினார். சின்ன மேடம் காலரின் மேல் கன்னம் வைத்துத் தூங்கினாள். சூப்பர்வைசர் ஊசிப் பதிவேட்டின் மேல் நெற்றியை வைத்திருந்தார். கேஷியர் என் பணத்தை எண்ணி முடித்து, கையை நீட்டியபடியே குறட்டை விட்டார்.

நோட்டை மெதுவாக இழுத்தேன். பிடி இறுகியது.

"கையெழுத்து" என்றார் தூக்கத்திலேயே.

போட்டேன். மறுபடி இழுத்தேன்.

"என் கண்ணு முன்னாடி போடணும்" என்றார், கண்ணை மூடிக்கொண்டே.

உலுக்கினேன், தண்ணீர் தெளித்தேன், காதில் கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்குப் போனேன்.

"கேஷியர் தூங்குறாரா? நல்ல கதை. குடிச்சியா?" என்றாள் வீட்டுக்காரி.

"நீயே வந்து பாரு."

வந்து பார்த்தாள். கேஷியர் மூக்கைப் பொத்திப் பார்த்தாள். "இந்த ஆளு செத்தாலும் தர மாட்டான்" என்றாள்.

நான் தினமும் வேலைக்குப் போனேன். போகாவிட்டால் ஆப்சென்ட் போட்டுவிடுவார்களே. அட்டையை மெஷினில் அடிப்பேன், தூங்குகிறவர்கள் தலையில் படிந்த தூசியைத் தட்டுவேன், லாரிக்குக் காத்திருப்பேன். லாரிகள் வந்துகொண்டே இருந்தன. முதல் டிரைவர், "யாராவது கையெழுத்துப் போடுங்கப்பா" என்றார். "நான் போடுவேன்" என்றேன். புதுசாகக் கற்ற கையெழுத்து, சும்மா இருக்குமா? வந்த சரக்குக்கெல்லாம் போட்டேன். கிடங்கு நிறைந்தது, முற்றம் நிறைந்தது, கட்டிடத்தைச் சுற்றித் துணி உருளை மாடி ஜன்னல் வரைக்கும் ஏறியது. உள்ளே போக நானே பக்கவாட்டில் நுழைந்து ஊர்ந்து போக வேண்டியதாயிற்று. தூங்குகிறவர்களின் வீட்டு ஆட்கள் உருளை இடுக்கில் எட்டிப் பார்த்து, "ஓவர்டைம் போல" என்று திரும்பிப் போனார்கள். ஒரு இன்ஸ்பெக்டரும் எட்டிப் பார்த்தார். "இப்படித் தலை நிமிராம வேலை பாக்குற கம்பெனியை நான் பாத்ததே இல்ல" என்று ஒரு பாராட்டுக் கடிதத்தைக் கேட்டில் செருகிவிட்டுப் போனார்.

மீதி நேரத்தில் ஊசிப் பதிவேட்டைப் படித்தேன். ஊசியம்மா சொன்னது நினைவில் இருந்தது. விடை அதில்தான் இருக்கும். சூப்பர்வைசர் நெற்றியைத் தூக்கி ஒரு உருளையின் மேல் வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கடைசிப் பக்கத்திலிருந்து படித்திருக்கலாமே என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். புத்தகத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். முப்பத்தோரு வருஷத்து ஊசிகள், விரல் வைத்து, எழுத்துக் கூட்டி. கடைசிப் பக்கத்துக்கு வர நூற்று மூன்று நாள் ஆயிற்று.

அங்கே மூன்று துண்டு ஒட்டியிருந்தது. பக்கத்தில் சூப்பர்வைசர் கையெழுத்தில் 'சரி'. அத்தனை ஆயிரம் ஊசி நுனியைப் பார்த்த கண்ணுக்கு உடனே தெரிந்துவிட்டது. மூன்றாவது துண்டு ஊசி நுனியே இல்லை, ஸ்டேப்ளர் பின்.

மறுநாள் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு ஊசியம்மா வீட்டுக்குப் போனேன். உடம்பு முடியாதவள் போல அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், ஸ்டேப்ளர் பின் என்றதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"என் புத்தகத்துலயா?"

"ஆமாம்மா."

"தட்டு தராததைக்கூட மன்னிச்சிருவேன். இதை எப்படி?" என்று ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

உருளை இடுக்கில் மூன்று பேரும் ஊர்ந்து போனோம். ஊசியம்மா சின்ன மேடத்தின் விரலைத் தடவினாள். "நுனி இங்கதான் இருக்கு. எனக்குக் கண்ணு சரியில்ல. உன் பொண்டாட்டிக்குப் பல்லு இல்ல. உனக்கு ரெண்டும் இருக்கு. கடிச்சு இழு."

"அம்மா, முதலாளி பொண்ணு விரலையா?"

"கூச்சப்படாத. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்" என்றாள் வீட்டுக்காரி.

கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். நாக்கில் இரும்பு தட்டியது. ஊசியம்மா அதை வாங்கித் துடைத்தாள், ஸ்டேப்ளர் பின்னைப் பிய்த்தெறிந்தாள், நுனியை ஒட்டினாள்.

இருநூறு மெஷினும் கத்தின.

"யாருய்யா நீ? விரலைக் கடிக்கிற?" என்றாள் சின்ன மேடம்.

"லோடுமேன், மேடம்."

"துண்டு எல்லாம் வந்தாச்சு" என்று ஊசியம்மா பையிலிருந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தாள்.

நான் கேஷியரிடம் ஓடினேன். அவர் முதலில் அட்டைகளைப் பார்த்தார். "உள்ள இருந்தவங்க யாரும் கார்டு அடிச்சு வெளிய போகல. அதனால நூற்று நாலு நாளும், ராத்திரியும் பகலும் ஓவர்டைம்." எல்லாரும் கை தட்டினார்கள். "நீ மட்டும் தினமும் வீட்டுக்குப் போயிருக்க."

"அத்தனை உருளை இறக்கியிருக்கேனே, சார்."

"அதுக்குக் கூலி உண்டு. அதிகாரம் இல்லாம கையெழுத்துப் போட்டதுக்கு அபராதமும் உண்டு. ரெண்டும் சரிக்குச் சரி. பழைய பாக்கியை வாங்கிக்க."

அவர் கண் முன்னாடியே போட்டேன். என் கையெழுத்து பக்கத்துக் கட்டத்திலும் கொஞ்சம் ஏறிவிட்டது. அவர் சில்லறையைப் பிரித்து எடுத்தார்.

"அந்த இருபத்தஞ்சு காசு செல்லாது சார். நீங்க தூங்கும்போது நிறுத்திட்டாங்க" என்றாள் வீட்டுக்காரி.

கேஷியர் முகம் வெளுத்தது. "அப்போ கணக்கு முடியாதே. ஒரு காசு பாக்கி இருந்தாலும்…" அவர் இமை இறங்கியது. பின்னால் ஒரு மெஷின் நின்றது, இன்னொன்று நின்றது. நோட்டின் மேல் அவர் பிடி இறுகியது.

"எழுதுய்யா! எதையாவது எழுதிக் கணக்கை முடி! ஆறு மணிக்கு டாக்டர் கடையைப் பூட்டிருவான்!" என்று கத்தினாள் அவள்.

பேனாவைப் பிடுங்கினேன். வகுப்பில் அந்த வார்த்தையை இன்னும் சொல்லித் தரவில்லை. 'இருபத்தைந்து காசு' என்று எழுதினேன். அப்புறம் 'த' எழுதினேன். 'ள்' எழுதினேன். 'ளு' வரும்போது கேஷியரின் ஒரு கண் மூடிவிட்டது.

"இன்னொரு கண்ணைத் திறந்தே வையுங்க சார்" என்று கெஞ்சிக்கொண்டே 'படி' எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஒரு கண்ணால் அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிடி தளர்ந்தது. நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு என் கைக்கு வந்தது.