இடது பக்கம் சத்தம் கம்மி

வேல்விழி அனுப்பிய பார்சல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மண்ணூருக்கு வந்தது. அறையில் கூடத் தங்கியிருந்தவர்கள் சினிமாவுக்குப் போயிருந்தார்கள். இசக்கிபாண்டி தனியாக உட்கார்ந்து பிரித்தான். வழவழப்பான ஒரு கறுப்பு டப்பா, அதற்குள் வெளி இரைச்சலைத் தடுக்கும் இரண்டு இயர்பட்கள். விளம்பரத்தில் மட்டுமே அவன் பார்த்திருந்த கம்பெனி அது.

வேல்விழி நாங்குநேரியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். அடுத்த மாதம் அதை விட்டுவிட்டு இங்கே வந்து அவனோடு குடித்தனம் வைப்பதாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து இருந்ததைவிட போனில் இருந்ததுதான் அதிகம். அதிலும் பாதி நேரம் அவன், "என்னது? என்னது?" என்று கேட்டுக்கொண்டிருப்பான். பஸ் இரைச்சல், ரூம் கூச்சல் என்று சொல்வான். அதனால்தான் அவள் தன் போன மாதச் சம்பளத்தில் இதை வாங்கியிருந்தாள்.

இரண்டையும் காதில் செருகியதும் மின்விசிறியின் கடகடப்பு நின்றது. ரோட்டில் போன கன்டெய்னர் லாரி ஊமைப்படமாக ஓடியது. இசக்கிபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஓர் அமைதியை அவன் இந்த ஊருக்கு வந்த பிறகு அனுபவித்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அமைதிக்குள்ளிருந்து 'கீ' என்று மெல்லிசாக ஒரு விசில் எழுந்தது. இடது பக்கம்.

அவள் கேட்கச் சொல்லியிருந்த பாட்டைப் போட்டான். வலது காதில் பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இடது காதிலோ தலையணையை வைத்து அமுக்கிப் பாடியதுபோல் இருந்தது. மேளம் வந்தது, ஜால்ரா வரவில்லை. மாற்றிப் போட்டுப் பார்க்கலாமென்றால் அதன் வளைவு வலது காதில் உட்கார மறுத்தது. புதுப் பொருளை அழுத்தி உடைத்துவிடக் கூடாது என்று விட்டுவிட்டான்.

அதற்குள் அவள் கூப்பிட்டாள்.

"போட்டுப் பாத்தியளா? எப்படி இருக்கு?"

"அருமையா இருக்குட்டி."

"அந்தப் பாட்டு தொடங்கையில சலங்கைச் சத்தம் ஒரு காதுல இருந்து மறு காதுக்கு ஓடும்லா, கேட்டியளா?"

"ஓடுது, ஓடுது," என்றான். அவன் எந்தச் சலங்கையையும் கேட்கவில்லை. ஆசையாக வாங்கி அனுப்பியவளிடம் பொருள் பழுதென்று எப்படிச் சொல்வது? அவளுக்குத் தெரியாமல் மாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அதைக் கோதண்டத்தின் காதில் மாட்டிவிட்டான். கோதண்டம் மண்ணூர்க்காரர். ஒரகடத்தில் இருந்த அந்த கார் பாகங்கள் கம்பெனியில் இசக்கிபாண்டிக்கு முன்பிருந்தே, தகடு அமுக்கும் பிரஸ் லைனில் நிற்பவர். கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார்.

"சூப்பரா கீதுபா. லெப்ட்ல மட்டும் சத்தம் கம்மியா கீது."

"விசில் மாதிரி ஏதும் கேக்கா அண்ணே?"

"ஆமா, கீன்னு ஒண்ணு வந்துகினே கீது. எவனோ ஏமாத்திட்டான் உன்னை."

இசக்கிபாண்டிக்கு அப்படி ஒரு நிம்மதி. பொருள்தான் பழுது. அன்று முழுவதும் வேலை லேசாக ஓடியது.

ஷிப்ட் முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த கடைக்குப் போனான். அந்த இயர்பட் கம்பெனியின் பொருட்களை மாற்றித் தருவது அங்கேதான். கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் பூஜா என்று எழுதியிருந்தது. அவள் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து இரண்டையும் துடைத்துத் தன் காதில் வைத்தாள். போனில் செட்டிங்கைத் திறந்து பார்த்தாள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை, மற்றதை எடுத்துவிட்டு இதை என்று பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணா, ரெண்டும் ஒரே மாரிதான் கீது."

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை கேட்கச் சொன்னான். அவள் கேட்டுவிட்டு அதையே சொன்னாள். புது ஜோடி ஒன்றை எடுத்து அவன் காதில் வைத்தாள். அதிலும் இடது பக்கம் தலையணைதான். அவனுக்குக் குரல் உயர்ந்தது. கடைச் சரக்கே பழுது என்றான். வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்கூட வேலை பாக்கிறவரும் அதையேதான் சொன்னாரு. ரெண்டு பேருக்குமா காது செவிடு?"

பூஜா கோபப்படவில்லை. "ரெண்டு பேரும் எங்கண்ணா வேல செய்றீங்க?" என்று கேட்டாள்.

பிரஸ் ஷாப்பில் என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றான். பெரிய பிரஸ் அவர்கள் லைனுக்கு இடப்பக்கம் இருந்தது. தகட்டின் மேல் அது இறங்கும் ஒவ்வொரு முறையும் தரை அதிரும். சத்தம் காதில் ஏறாமலிருக்க, கயிறு கோத்த ஆரஞ்சு நிறக் காதுப் பஞ்சு கொடுத்திருந்தார்கள். பாதுகாப்பைச் சோதிக்க ஆடிட்டர் வரும் நாளில் மாட்டுவார்கள், மற்ற நாளில் அது கழுத்தில் தொங்கும். பஞ்சு இருந்தால் சூப்பர்வைசர் கத்துவது கேட்காது, கேட்காவிட்டால் திட்டு விழும்.

வெளியே வந்து இரண்டு இயர்பட்களையும் கழற்றி டப்பாவில் வைத்தான். விசில் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தை அவன் ரொம்ப நாளாகவே அறிவான். அறைக்குப் பின்னாலிருக்கும் டிரான்ஸ்பார்மர் சத்தம் என்று நினைத்திருந்தான். இங்கே டிரான்ஸ்பார்மர் எதுவும் இல்லை.

கால் போன போக்கில் நடந்து ராமானுஜர் கோயில் வாசலுக்கு வந்தான். உள்ளே மணி அடித்தபோது வலது காதை இறுக்கிப் பொத்திக்கொண்டான். 'டொம்' என்ற முதல் அடி இடது காதுக்கு வந்தது. அதன் பின்னால் நடுங்கிக்கொண்டே போகும் ரீங்காரம் வரவில்லை. மறுபடி அடிக்க மாட்டார்களா என்று காத்திருந்தான். அடித்தார்கள். அப்போதும் வரவில்லை. வந்து போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான்.

வார முடிவில் கம்பெனிக்கு மெடிக்கல் வேன் வருவதாக இருந்தது. காதுப் பரிசோதனையும் உண்டு. போன வருஷம் ஜீவானந்தம் என்ற ஆளுக்குக் கேட்கவில்லை என்று வந்தது. யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. அடுத்த மாத ஷிப்ட் பட்டியலில் பெயர் வரவில்லை, அவ்வளவுதான். அவனையும் இசக்கிபாண்டியையும் போன்ற காண்டிராக்ட் ஆளுக்கு அதற்கு மேல் விளக்கம் கிடையாது. இசக்கிபாண்டி தெருக்கோடியில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்திருந்தான். வேல்விழி நின்றுவிடுவதாகக் கடையில் சொல்லிவிட்டாள், அவள் இடத்துக்கு வேறு பெண்ணும் வந்துவிட்டாள்.

காதில் காய்ச்சிய எண்ணெய் விட்டான். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு காது அடைக்கும்வரை ஊதினான். படப்பையில் ஒரு காது டாக்டரைப் பார்த்தான். போன நரம்பு போனதுதான், இருப்பதையாவது காப்பாற்றிக்கொள் என்றார் அவர். எத்தனை சத்தமான இடத்தில் வேலை என்று கேட்டுவிட்டு, அங்கே இனி நிற்காதே என்றார். வேறெங்கே நிற்பது என்று அவனும் கேட்கவில்லை.

வேல்விழி தினமும் கூப்பிட்டாள். அவன் வலது காதில் மட்டும் ஒன்றைச் செருகிக்கொண்டு பேசினான். புதுசு எப்படி, புதுசு எப்படி என்று அவள் சலிக்காமல் கேட்டாள். அவனும் ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதாவது புகழ்ந்து சொன்னான்.

கோதண்டத்திடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, கடையில் நடந்ததைச் சொன்னான். அவர் முகம் மாறிவிட்டது. "எனக்குக் காது நல்லா கீது. உன் வேலைய நீ பாரு," என்று எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். அப்புறம் அவர் அவனோடு பேசவில்லை.

வேன் வந்த அன்று கோதண்டம் அவனுக்கு முன்னால் போனார். வெளியே வந்தவர் அவனைத் தாண்டும்போது தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"சத்தம் வுடும்போது அந்தப் பொண்ணு தோளு அசையும். அதப் பாத்து அமுத்து."

கண்ணாடி வைத்த சின்ன அறையில் அவனை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதிக்கும் பெண். முதலில் இடது காது. அவன் தோளையே பார்த்தான். அசைந்தது, அமுக்கினான். மறுபடி அசைந்தது, மறுபடி அமுக்கினான். ஒன்றுமே கேட்காமல் எல்லாவற்றையும் சரியாகச் செய்துகொண்டிருந்தான். இனி வேலை போகாது என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு வலது காது. இதற்குத் தோளைப் பார்க்க வேண்டாம் என்று நிம்மதியாகச் சாய்ந்தான். சத்தம் வந்தது, அமுக்கினான். இன்னும் மெல்லிசாக வந்தது, அமுக்கினான். அப்புறம் எதுவும் வரவில்லை. தற்செயலாகத்தான் நிமிர்ந்தான். அந்தப் பெண்ணின் தோள் அசைந்துகொண்டிருந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. வலது காதில் நிசப்தம்.

காப்பாற்றிக்கொள் என்று டாக்டர் சொன்ன காதும் போய்க்கொண்டிருந்தது. பட்டனை மடியில் வைத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினான். அந்தப் பெண் கதவைத் திறந்து என்ன என்று கேட்டாள்.

"எனக்குக் கேக்கல மேடம். மொதல்ல அமுத்துனதெல்லாம் பொய்யி," என்றான்.

அன்று சாயங்காலம் வேல்விழியிடம் எல்லாவற்றையும் சொன்னான். சலங்கை ஓடவே இல்லை என்பதில் தொடங்கினான். அவள் பேசாமல் இருக்கிறாளா, தனக்குத்தான் கேட்கவில்லையா என்று தெரியாமல் அவன், "ஏட்டி, லைன்ல இருக்கியா?" என்றான்.

"இருக்கேன். இத்தனை நாளா நான் பேசுனதுல என்னதான் கேட்டுது உங்களுக்கு?" என்றாள்.

அடுத்த மாத ஷிப்டில் அவன் பெயர் வரவில்லை. அறையில் கூட இருந்தவன் ஒருவன் மூலமாக ஒரு குடோனில் அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை கிடைத்தது. ஓவர்டைம் சம்பளம் கிடையாது. வேல்விழி ஊரிலிருந்து வந்ததும், தெருக்கோடி வீட்டை விட்டுவிட்டு அதில் பாதியளவே இருந்த ஒரு வரிசை வீட்டுக்குப் போனார்கள். வேல்விழி ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். சில நாள் அவனோடு பேசாமலே சமைத்தாள். சில நாள் முகத்துக்கு நேராக வந்து நின்று, உதடு தெரியும்படி நிறுத்திப் பேசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோதண்டம் வந்தார். அவர் இன்னும் பிரஸ்ஸில்தான் நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். பிறகு அவன் பக்கம் குனிந்து, படப்பையில் அந்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். தன் வீட்டம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது என்றார்.

அவர் ரகசியமாகக் கேட்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த வரிசையிலிருந்த எல்லா வீட்டுக்கும் அது கேட்டது. வேல்விழி அடுப்பைத் தணித்துவிட்டு, "நீங்களும் கூடப் போய்ட்டு வாங்க," என்றாள். இசக்கிபாண்டி சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.