அலுமாரிக் கதவில் ஒரு வகுப்பு

வகுப்பு எட்டு மணிக்குத் தொடங்க வேண்டும் என்பது அம்மா பூரணியின் கட்டளை. எட்டடிக்கும்போது சோமசேகரம் குசினிக்குள் நின்று, சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டினார்.

“அப்பா, அது இன்ரவல் மணி!” என்று அறைக்குள்ளிருந்து மிதுசா கத்தினாள். “தொடங்கிற மணி நீட்டுக்கு அடிக்கோணும்.”

“மன்னிச்சுக் கொள்ளுங்கோ ரீச்சர். ஆர் சொன்னது உங்களுக்கு?”

“அண்ணா.”

கரண்டி அப்படியே நின்றது. பிறகு அவர் நீட்டுக்கு அடித்தார். அடித்து முடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டார். கோதுமைக் கப்பல் வந்திருந்தது. கப்பல் வராத நாட்களிலும் இப்போதெல்லாம் அவர் வீட்டில் நிற்பது குறைவுதான்.

மூத்தவள் லக்சனா அலுமாரியைத் திறந்தாள். அதன் கதவின் உட்பக்கத்துக்குப் பூரணி கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தாள். அதுதான் கரும்பலகை. திறந்தால் ஒரு பக்கம் ‘அ’ என்று எழுதலாம். மறுபக்கம் மிதுசாவின் அண்ணன் இராகுலனின் வெள்ளைச் சேட்டும் நீலக் களிசானும் தொங்கும். அவன் முதலாம் வகுப்பில் எட்டு மாதம் போட்ட உடுப்பு. அதைக் கழற்றி வைக்க வீட்டில் ஒருவருக்கும் கை வரவில்லை.

“முதல் இடாப்பு,” என்றாள் மிதுசா. இன்னும் ஒரு கிழமையில் அவளுக்கு ஆறு வயது. “மிதுசா, வந்திருக்கிறன். பொம்மை, வந்திருக்கு. பூனை, லீவு.”

“பூனைக்கு என்ன லீவு?”

“மீன்காரன் வந்திட்டான், அக்கா. அது இனி வராது.”

லக்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. பதினேழு வயதில் உயர்தர வகுப்பை விட்டுவிட்டு இந்த வகுப்பின் ரீச்சராக இருக்கிறேன் என்று அவள்தான் தானாகச் சொன்னாள். எவரும் வற்புறுத்தவில்லை. ‘தம்பியில் அவ்வளவு பாசம்’ என்று அயலில் கதைத்தார்கள். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவள் அங்கே நிற்காமல் உள்ளே போய்விடுவாள்.

பத்து மணிபோல பள்ளிக்கூட அதிபர் சிவகுருநாதன் வந்தார். உப்புவெளி வெயிலில் நடந்து வந்தவருக்குச் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. கதிரையில் இருந்தவர் தேத்தண்ணியைத் தொடவில்லை.

“நாளைக்கு முதலாம் வகுப்புக் கால்கோள் விழா, தங்கச்சி. ரெண்டாம் வகுப்புப் பிள்ளையள் புதுசா வாற பிள்ளையளுக்கு மாலை போடுறது உங்களுக்குத் தெரியும்தானே. மிதுசாவுக்கும் ஒரு மாலை கட்டச் சொல்லட்டோ?”

“வேண்டாம் சேர்,” என்றாள் பூரணி. “நான் வீட்டிலேயே வச்சுப் படிப்பிக்கிறன்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“என்ர கண் தெரியிற வரைக்கும்.”

“பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடோணும் எண்டு சட்டம் இருக்கு. ஆனா நான் சட்டம் கதைக்க வரேல்லை. அந்தப் பிள்ளை ஒரு பூனையையும் பொம்மையையும் வச்சுக்கொண்டு இடாப்புக் கூப்பிடுது. கேட்டுக்கொண்டுதான் படலையைத் திறந்தனான்.”

பூரணியின் குரல் உயரவில்லை. “தமக்கை கையில பிடிச்சுக் கொண்டுபோய்ப் பள்ளி வானுக்குள்ள ஏத்திவிட்ட பிள்ளை, சேர். ஏத்திவிட்டதுக்குப் பிறகும் அந்த வான்கார மனுசன் கதவைப் பூட்டேல்லை. என்ர பிள்ளை இறங்கி றோட்டில நிண்டது கூட அவருக்குத் தெரியேல்லை. ஏத்திவிட்டும் திரும்பி வரேல்லையெண்டா, இனி ஆரை நம்பிக் குடுக்கிறது?”

அதிபர் லக்சனாவைப் பார்த்தார். “நீயும் படிப்பை விட்டிட்டு நிக்கப்போறியோ, பிள்ளை?”

“ஓம் சேர்.”

அவர் எழும்பிப் போனார். தேத்தண்ணியில் ஆடை படர்ந்திருந்தது.

அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் அம்மாவுடையதல்ல. எல்லாம் லக்சனா சொல்லிக் கொடுத்தது. ஆவணி மாதம் அந்தக் காலையில், நிலாவெளி றோட்டோரத்தில் சனம் சுற்றிவர நிற்க, ‘நான் ஏத்திவிட்டனான், ஏத்திவிட்டனான்’ என்று அவள்தான் கத்தினாள்.

அவள் ஏற்றிவிடவில்லை. ஜவ்பர் நானாவின் பள்ளி வான் எப்போதும் றோட்டின் அங்கால் பக்கம் நிற்கும். தம்பியைக் கையில் பிடித்து, கடந்து, ஏற்றி, கதவு பூட்டும் மட்டும் நிற்பது அவளுடைய வேலை. அன்றைக்கு அவளுடைய பஸ் இங்கால் பக்கம் வந்துகொண்டிருந்தது. “வான் நிக்குது, ஓடடா” என்று கையை விட்டாள். அவன் ஓடினான். பாதி றோட்டில் போகும்போதுதான் அவனுடைய தண்ணீர்ப் போத்தல் தன் தோளில் தொங்குவதைக் கண்டாள்.

“இராகுலன்!”

அவன் நின்று திரும்பினான். டிப்பர் லொறி வந்தது.

புத்தகப் பை வீட்டுக்கு வந்தது. ஒரு சப்பாத்து வந்தது. போத்தல் மட்டும் வரவில்லை. அதைத் தேடிப் பூரணி மூன்று தரம் ஜவ்பர் நானாவின் வீட்டுக்குப் போனாள். மனிதர் வானின் சீற்றெல்லாம் கழற்றிக் காட்டினார். “பிள்ளை ஏறவே இல்லம்மா, அல்லா அறிய நான் காணல்ல,” என்றார். “பொய்க்காரர்,” என்று பூரணி அவருடைய முற்றத்தில் நின்று சொன்னாள். அதோடு வானுக்குப் பிள்ளைகள் வருவது நின்றது. வான் இப்போது அவருடைய வளவில் தறப்பாள் மூடிக் கிடக்கிறது.

போத்தல் லக்சனாவின் பழைய பள்ளிப் பைக்குள், புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. சொன்னால் அம்மா தன்னையும் ஜவ்பர் நானாவைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பாள். அந்தப் பயம் ஐந்து மாதமாக அவளோடு சாப்பிட்டது, படுத்தது, எழும்பியது.

பின்னேரம் உடுப்பு மடிக்க அறைக்குப் போனவள் வாசலில் நின்றுவிட்டாள்.

அலுமாரி திறந்திருந்தது. மிதுசா கதிரையில் ஏறி நின்றாள். வேலியில் பிடுங்கிய கடதாசிப் பூவை நூலில் கோத்து, இராகுலனின் வெள்ளைச் சேட்டுக் கையில் கொழுவியிருந்தாள். வெறும் சேட்டுக் கையை மற்றக் கையால் தூக்கிப் பிடித்து, தலையைக் குனிந்து, மாலைக்குள் கழுத்தை நுழைக்கப் பார்த்தாள். சேட்டுக் கை ஒவ்வொரு முறையும் தொய்ந்து விழுந்தது.

“ஒழுங்காப் போடண்ணா,” என்றாள் மெல்ல. “எல்லாரும் பாக்கினம்.”

லக்சனா உள்ளே போகவில்லை. தன் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

பூரணி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நீலப் போத்தல் தனக்கு முன்னால் வைக்கப்பட்டதும் அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். சீலையில் துடைத்தாள். பிறகுதான் அதைத் தொட்டாள். தூக்கி ஆட்டினாள். உள்ளே தண்ணீர் சலசலத்தது.

“நான் ஆற வச்சு விட்ட தண்ணி,” என்றாள்.

“அம்மா, நான் கொண்டுபோய் ஏத்தேல்லை. பஸ் வந்திட்டுது எண்டு கையை விட்டிட்டன். ஜவ்பர் நானாவில பிழையில்லை அம்மா. பிழை பள்ளிக்கூடத்திலயும் இல்லை. மிதுசாவை விடுங்கோ. அவள் போகட்டும்.”

“கூப்பிட்டனியோ அவனை?”

“ஓம்.”

“திரும்பிப் பாத்தவனோ?”

லக்சனா ஓம் என்று தலையை ஆட்டினாள்.

அடி விழும் என்று நின்றாள். விழவில்லை. அடித்திருந்தால் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பூரணி போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, பாதி வெட்டின மீனைப் பார்த்தபடி இருந்தாள். பூனை வந்து மீன் தலையைக் கவ்விக்கொண்டு போனது. அவள் துரத்தவில்லை.

மறுநாள் விடியப் பூரணியே மிதுசாவுக்குத் தலை இழுத்தாள். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாள்.

“உண்மையாப் பள்ளிக்கூடமோ அம்மா?”

“ஓம்.”

“ஆர் மாலை போடுறது?”

“ஆரோ ஒரு பிள்ளை போடும். நீ குனிஞ்சு குடு.”

மூன்று பேரும் நிலாவெளி றோட்டுக்கு வந்தார்கள். மீன் லொறி ஒன்று உப்புத் தண்ணீர் சிந்திக்கொண்டு போனது. கடப்பதற்கு நின்றபோது, பழக்கத்தில் மிதுசா ஒரு கையை அக்காவிடம் நீட்டினாள். லக்சனாவும் நீட்டினாள். விரல் முட்டுவதற்குள் பூரணி பிள்ளையை இழுத்துத் தன் மறுபக்கத்தில் விட்டாள்.

பிறகு பைக்குள்ளிருந்து நீலப் போத்தலை எடுத்து லக்சனாவின் கையில் வைத்தாள்.

“ஜவ்பர் நானாட்டக் கொண்டுபோய்க் காட்டு. தேடினது கிடைச்சிட்டுது எண்டு நீயே சொல்லு. நான் பின்னேரம் வந்து அவரின்ர முற்றத்தில நிண்டு கேக்கவேண்டிய மன்னிப்பைக் கேக்கிறன்.”

அதுதான் நேற்றிலிருந்து அம்மா அவளோடு கதைத்த முதல் கதை.

பூரணியும் மிதுசாவும் றோட்டில் இறங்கினார்கள். பாதியில் மிதுசா கை காட்டத் திரும்பினாள். லக்சனாவின் தொண்டை வரை தங்கச்சியின் பெயர் வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். கையும் காட்டவில்லை. தான் அங்கே நிற்காத மாதிரி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அங்கால் பக்கத்தில் செருப்புச் சத்தம் ஏறிய பிறகுதான் பார்த்தாள். அம்மாவும் தங்கச்சியும் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் போத்தலைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜவ்பர் நானாவின் வீட்டுப் பக்கம் நடந்தாள்.