முயல் சின்னம் சிவந்த விதம்

முயல் மார்க் பந்தயக் கார்களின் சின்னத்தில் இருக்கும் முயல் முதலில் வெள்ளையாகத்தான் இருந்தது. அதைச் சிவப்பாக்கியது எந்தப் பெயின்ட்டும் அல்ல, அதை வரைந்தவளின் வயிற்றெரிச்சல். பட்டறையில் வேலை பார்த்த எல்லாருக்கும் இது தெரியும். வெளியூரிலிருந்து வந்து கேட்பவர்களுக்கு, டயருக்கு எவ்வளவு காற்று பிடிக்க வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் இதையும் சொல்வார்கள்.

அடிபட்டு வரும் வண்டிகளுக்கு டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடிக்கிற பட்டறை அது. அதை நடத்தியவர், மிச்சமான தகட்டையும் யாரும் திரும்பக் கேட்காத எஞ்சின்களையும் சேர்த்து ஒரு பந்தயக் கார் கட்டினார். அவருக்கு இரண்டு பெண்கள். இருவரும் பட்டறைக்குப் பின்னாலிருந்த சந்தில் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். மூத்தவள் சந்து முனையில் பிரேக்கைத் தொடாமல் திரும்புவாள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கை நுழையாது. இளையவள் சுவரில் உரசிவிட்டு வந்து சிரிப்பாள். துறுதுறுவென்று எங்கும் நில்லாமல் ஓடுகிறவள் என்பதால் அவளை வீட்டில் முயலு என்றே கூப்பிட்டார்கள். ஆனாலும் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கிற நாள் வந்தபோது அப்பா கொடுத்தது இளையவள் பெயரை. ஏன் என்று மூத்தவள் கேட்டாள். அப்போது அவள் கையில் வெல்டிங் ராடு இருந்தது.

"நீ ஓட்டப் போயிட்டா வண்டிய யாரும்மா பாத்துக்குவா?" என்றார் அப்பா.

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சின்னம் வேண்டும் என்று பந்தயம் நடத்துபவர்கள் சொல்லியனுப்பினார்கள். அதை வரைகிற வேலையும் மூத்தவள் தலையில்தான் விழுந்தது. தங்கையைக் கேலி செய்யவே வண்டியின் பானெட்டில் முயலை வரைந்தாள். காதுகள் பின்னால் படிந்து, நான்கு கால்களும் தரையில் படாமல், மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடும் முயல். பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தில் வட்டம், கேட்டுக்கு அடிக்கும் கறுப்பில் அதன் ஓரம், ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு வாங்கிய வெள்ளையில் முயல். கேலிக்கு வரைந்தது கொஞ்சம் கூடுதலாகவே அழகாக அமைந்துவிட்டது. தங்கை அதைப் பார்த்ததும் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தன்னையே வரைந்திருக்கிறாள் என்று எல்லாரிடமும் காட்டினாள். அக்காவின் முகம் சுண்டிப்போனது.

முதல் பந்தயத்தில் தங்கை ஜெயித்தாள். கூட்டம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. டயர் மாற்றும் இடத்தில் அழுக்குத் துணியோடு நின்ற அக்காவை வண்டி துடைக்க வந்தவள் என்று நினைத்த ஒரு பெரிய மனிதர், கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சியைக் காட்டிவிட்டு நடந்தார். அவள் துடைத்தாள். மறுநாள் காலை முயலின் காது நுனி சிவந்திருந்தது. வாரம் முடிவதற்குள் வால் வரைக்கும் ஏறிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி வெள்ளை அடித்தாள். பெயின்ட் காய்வதற்கு முன்பே அடியிலிருந்து சிவப்பு எழும்பி வந்தது. தொட்டால் சுட்டது. ஸ்பேனர் என்று பேர் வாங்கிய பழைய மெக்கானிக் தன் டீ கிளாஸை எடுத்து வந்து முயல் மேல் வைத்தார். டீ ஆறவே இல்லை.

தங்கை ஜெயிக்க ஜெயிக்க முயலின் நிறம் கூடிக்கொண்டே போனது. அவள் பெரிய கோப்பையை வாங்கிய வருஷம் நீல வட்டத்தின் கறுப்பு ஓரம் வெந்து மஞ்சளானது. இன்றைக்குச் சின்னத்தில் இருக்கும் மஞ்சள் வளையம் அப்படி வந்ததுதான். துணிச்சலான வண்ணச் சேர்க்கை என்று பத்திரிகைகள் எழுதின. பட்டறை கம்பெனியானது. தொப்பி, பனியன், பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் முயல் ஓடியது. தொப்பி அச்சடிக்கிறவர் எதை எதையோ கலந்து பார்த்தும் அந்தச் சிவப்பு வரவில்லை. நொந்துபோய் மூத்தவளை வரச் சொன்னார். அவள் போன நேரம் அச்சகத்து ரேடியோவில் தங்கையின் பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. வளைவுகளில் திரும்புவது தனக்கு யாரும் சொல்லித் தராமல் தானாகவே வந்தது என்று தங்கை சொன்னாள். அடுக்கி வைத்திருந்த தொப்பிகள் மேலிருந்து கீழாக வரிசையாகச் சிவந்தன. குளிர்காலத்தில் ஜனங்கள் அவற்றைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினார்கள்.

அக்கா கெட்டவள் இல்லை. தங்கைக்குக் காய்ச்சல் என்றால் கட்டிலை விட்டு நகர மாட்டாள். போல்ட் ஒவ்வொன்றையும் தானே முறுக்கிப் பார்த்த பிறகுதான் அவளை வண்டியில் உட்கார விடுவாள். ஆனால் ஹெல்மெட்டை மாட்டிவிடும்போது பட்டையைக் கொஞ்சம் இறுக்கமாகவே இழுப்பாள். ஒரு தடவை போட்டிக் கம்பெனிக்காரர்கள் வந்து, தங்கள் வண்டியை ஓட்டித் தருகிறாயா என்று கேட்டார்கள். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அதுதான். ஆனாலும் முடியாது என்று அனுப்பிவிட்டாள். தங்கையின் வண்டிக்கு வேறொருவர் போல்ட் முறுக்குவதை நினைத்தாலே அவளுக்குத் தூக்கம் வராது.

அப்பா போய்ச் சேர்ந்ததற்கு அடுத்த பருவத்தில் தங்கை மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். இந்த முறை விலகிவிடலாம் என்றார் ஸ்பேனர். வேண்டாம், அக்கா ஓட்டட்டும் என்று தங்கை சொன்னாள். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள் என்று பலர் நினைத்தார்கள். அதற்குள் அக்கா ஹெல்மெட்டை எடுத்துவிட்டாள்.

அவள் சீட்டில் உட்கார்ந்ததும் முயல் வெளுத்தது. எஞ்சின் உறுமும்போது அது பால் போலிருந்தது. முதல் சுற்றில் அக்கா கடைசியாக வந்தாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கி ஆட்டி தங்கை உற்சாகப்படுத்தினாள். பிறகு அக்கா ஒவ்வொரு வண்டியாகத் தாண்டத் தொடங்கினாள். மேடைக்கு எதிரே இருந்த கூரான வளைவில் அவள் பிரேக்கைத் தொடாமல் திரும்பியபோது, கூட்டம் சத்தம் போட மறந்தது. தங்கையின் கை இறங்கியது. அப்போதுதான் முயல் கழுத்தைத் திருப்பியது. முன்னால் நீண்டிருந்த மூக்கு தோளுக்கு மேலாகச் சுற்றிப் பின்பக்கம் வந்து, டயர் மாற்றும் இடத்தில் நின்ற தங்கையைப் பார்த்தது. பார்த்தபடியே சிவந்தது.

அக்கா இரண்டாவதாக வந்தாள். இறங்கி மூச்சு வாங்க பானெட்டில் கை ஊன்றப் போனாள்.

"கை வைக்காதக்கா, சுடும்," என்றாள் தங்கை.

அக்கா வைத்தாள். சுட்டது. அன்றைக்குத் தன் வயிற்றில் ஒன்றும் எரியவில்லை என்று அவளுக்குத் தெரியும். தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வளைவுல நீ திரும்பினப்ப எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுதுக்கா. நீ சுவத்துல மோதிட்டா நல்லாருக்கும்னு ஒரு நிமிஷம் நெனச்சிட்டேன்."

"ஒரு நிமிஷம்தானா?" என்றாள் அக்கா. "நான் எத்தன வருஷம் நெனச்சிருக்கேன் தெரியுமா?"

இருவரும் டயர்கள் மேல் உட்கார்ந்தார்கள். வெந்துபோன உள்ளங்கையைத் தங்கை தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மருந்து டியூபின் மூடியைப் பல்லால் திருகித் திறந்து, நல்லாயிருந்த கையால் தடவிவிட்டாள். அக்காவுக்கு எரிச்சலாகவும் இருந்தது, ஒரு மாதிரி நிறைவாகவும் இருந்தது. தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டது அதுவே முதல் தடவை.

சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. தங்கையின் மணிக்கட்டு கூடிய பிறகு மாறி மாறி ஓட்டினார்கள். ஓட்டாதவள் எரிந்தாள், வண்டி ஓடியது. சின்னத்தைச் சீர்படுத்த கம்பெனி ஒரு வடிவமைப்பாளரை வைத்தது. பந்தய முயல் பின்னால் பார்க்கக் கூடாது, அது பயந்தவன் பார்வை என்று சொல்லி அவர் கழுத்தை நேராக்கி வரைந்தார். காலையில் எல்லாப் படங்களிலும் முயல் திரும்பியிருந்தது. மறுபடி வரைந்து பார்த்தார். பிறகு கழுத்து மடிப்பில் ஒரு கோடு மட்டும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பதிவு அலுவலகத்திலும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். முயல் இன்றும் பின்னால் பார்த்துக்கொண்டேதான் ஓடுகிறது. எதிரே வருவதை ஓட்டுகிறவள் பார்த்துக்கொள்கிறாள்.