எலும்பு போடாத இடம்

“இதிலை ஏன் எலும்பு இல்லை?” என்று கிறிஸ்ரினா கேட்டார். அவருடைய விரல் கவுணுக்குள் போடுகிற கோர்செட்டின் முதுகில், இடதுபக்கத்தில் நின்றது.

அவர் மாப்பிள்ளையின் அக்கா. கனடாவிலிருந்து வந்து ஒரு கிழமைதான். கலியாணக் கவுண் எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் என்பதால், தைத்ததைப் பார்த்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வந்திருந்தார். கலியாணத்தன்று காலையில் அது தட்டத்தில் பெண்வீட்டுக்குப் போகும். வெறும் கையோடு அவர் திரும்பினால் கலியாணம் இல்லையென்று குருநகர் முழுக்க விளங்கிவிடும்.

தையல்கடைக்காரி லூர்த்தம்மா அன்ரி மானிப்பாயில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். அவரிடம் தைக்கிற நான் கடையில் தனியே நின்றேன். மணப்பெண் லவீனா அக்கா கோர்செட்டை அணிந்து, கண்ணாடியைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்.

எலும்பு என்று நாங்கள் சொல்வது மீன்பெட்டி கட்டுகிற பிளாஸ்ரிக் பட்டியை. அது சுருளாக வருவதால் வளைந்திருக்கும். இரண்டு துண்டை முதுகுக்கு முதுகு வைத்தால்தான் நேராக நிற்கும். நுனி குத்தாமல் மெழுகுதிரியில் காட்டி உருக்கி, துணிக்குள் தைத்த ஒடுக்கமான உறைகளில் நுழைப்போம். பிறகு முதுகுப்பக்கக் கயிற்றை இழுக்க, இடுப்பு ஒடுங்கும்.

அளவெடுத்த அன்று லவீனா அக்கா கதவைச் சாத்திவிட்டு முதுகைக் காட்டினார். முள்ளந்தண்டுக்கு இடப்பக்கத்தில் புளியங்கொட்டையளவு மேடு. கடைசிச் சண்டையில், மாத்தளனில் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பட்ட செல்லின் இரும்புத்துண்டு. எடுக்கப்போனால் கால் இழுத்துவிடும் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்களாம். முதல் வந்த சம்பந்தம் இதை அறிந்துதான் குழம்பியது. இப்போதைய மாப்பிள்ளை கொலின்ஸுக்குத் தெரியும், அவர் வீட்டில் வேறு ஒருவருக்கும் தெரியாது. அதனால் அந்த இடத்து உறையை வெறுமையாக விட்டேன். வெளியே தெரியாது. விரலால் தடவிப் பார்க்க ஒருவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை.

“வாயை எங்கை வைச்சிட்டு வந்தனீர் பிள்ளை?” மேசையில் மீந்து கிடந்த எலும்பைக் கிறிஸ்ரினா கண்டுவிட்டார். “உந்த எலும்பையும் போடும். படத்திலை என்ரை மச்சாள் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்க ஏலாது.”

கண்ணாடிக்குள் லவீனா அக்காவைப் பார்த்தேன். “போடு தங்கச்சி,” என்றார்.

நுழைத்தேன். பாதியில் தட்டியது. நான் நிறுத்த, கிறிஸ்ரினா என்னை விலக்கித் தானே தள்ளினார். பிறகு கயிற்றைப் பிடித்தார். தானும் தன் கலியாணத்துக்கு மூச்சு விடாமல்தான் நின்றதாகச் சிரித்தபடி இழுத்தார். லவீனா அக்காவும் சிரித்தார். அவருடைய முகத்தில் வியர்வை முத்துமுத்தாகப் பூத்தது. இன்னொருக்கா என்று கிறிஸ்ரினா இழுக்க, லவீனா அக்காவின் இடது முழங்கால் மடிந்தது. கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கால் தனியே நடுங்கியது.

அந்தத் துண்டு உள்ளே நகருகிறது என்று எனக்குப் பட்டது. சொன்னால் கலியாணம் போய்விடும். சொல்லாவிட்டால் கால் போய்விடும்.

“விடுங்கோ அக்கா. அதிலை இரும்பு கிடக்கு.”

கிறிஸ்ரினாவின் கை நின்றது. லவீனா அக்கா கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். ஓடிவிடலாமா என்றிருந்தது.

கிறிஸ்ரினா ஒவ்வொரு துளையாகக் கயிற்றைத் தளர்த்தினார். உள்ளே கைவிட்டு அந்த மேட்டைத் தொட்டார். தொட்டவுடன் கையை எடுத்தார்.

“தம்பிக்குத் தெரியுமோ?”

“ஓம். கொலின்ஸுக்கு முதல் நாளே காட்டினனான்.”

லவீனா அக்கா மறைப்புக்குள் போய்க் கோர்செட்டைக் கழற்றி நீட்டினார். கிறிஸ்ரினா அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கதிரையில் பெட்டி திறந்தபடி கிடந்தது. நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே அவர் வந்த ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். அவர் எழும்பவில்லை.

பிறகு உறையின் வாயைத் தடவிக் கண்டுபிடித்து, எலும்பை உருவி மேசையில் வைத்தார். கோர்செட்டை மடித்துக் கவுணுக்கு மேல் வைத்துப் பெட்டியை மூடினார். அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.