நூறு எண்ணும்வரை நின்ற சந்தை

மகளைக் கொடைக்கானலில் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மரியம் பீவிக்கு ஒரே புலம்பல். பாலசமுத்திரத்தை விட்டு மலையேறிப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அங்கே மூடுபனியும் காட்டெருமையும் தவிர மனுஷ வாடையே கிடையாது என்று அடித்துச் சொல்வாள். நோன்புக்கு முன்னால் ஆள் அனுப்பி மகளைக் கீழே அழைத்துக்கொள்ளப் போவதாகக் கடிதமும் வந்துவிட்டது.

மகள் சர்புன்னிசாவுக்கோ இந்தக் குளிரும், புருஷன் தஸ்தகீரின் மளிகைக் கடைக்கு மேலே இருந்த ஜன்னலும், கீழே இரையும் ஞாயிற்றுச் சந்தையும் உயிர். எழுதி எழுதிப் பார்த்தாள், அம்மா நம்புவதாயில்லை. சரி, படம் பிடித்துக் கண்ணிலேயே காட்டிவிடுவோம் என்று இறங்கிவிட்டாள்.

பக்கத்து வீட்டு அருள்மணி டீச்சர் பள்ளிக்கூடத்தில் செய்துகாட்டிய வித்தைதான். பிஸ்கட் டின்னில் ஊசியால் ஒரு துளை, எதிர்ப்பக்கம் உள்ளே வெளிச்சம் பட்டால் படம் பதியும் போட்டோ பிளேட், துளைக்கு ஒரு மூடி, அவ்வளவுதான். டீச்சர் தந்தது மூன்றே பிளேட். முதலாவது பாழ். டின்னின் பளபளப்பில் வெளிச்சம் உள்ளேயே துள்ளிக் கெடுத்துவிட்டது. சர்புன்னிசா விளக்கின் மேல் டின்னைக் கவிழ்த்து, கண்மைக்குப் புகை பிடிப்பதுபோல் உள்ளே கரி ஏற்றினாள். அந்தப் புத்தி டீச்சருக்கே வரவில்லை.

இரண்டாவது பிளேட்டைச் சந்தை நிரம்பிய நேரம் பார்த்து ஜன்னலில் வைத்தாள். நூறு எண்ணி மூடினாள். டீச்சர் கழுவி அச்செடுத்துத் தந்த படத்தில் கூரைகள், கடைகள், பேரிக்காய்க் கூடைகள் எல்லாம் துலக்கம். ஆள்தான் ஒருவர்கூட இல்லை. நடமாடிக்கொண்டிருந்த எவரும் பிளேட்டில் தங்கவில்லை. இதை அனுப்பினால் மாமி நாளைக்கே ஆள் அனுப்பிவிடுவார் என்றான் தஸ்தகீர். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு, கடைசிப் பிளேட். கல்யாணமாகி வந்த மூன்று வருஷத்தில் தெருவில் ஒருவர் காதிலும் விழாத குரல் அவளுடையது. முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு ஜன்னலில் நின்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"எல்லாரும் இங்கன பாருங்க. நான் நூறு எண்ணி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் அசையாதீங்க. எங்கம்மாவுக்குப் போட்டோ அனுப்பணும்."

தஸ்தகீருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும், தூக்கிய தராசோடு முதலில் சிலையானவன் அவன்தான். அவனைப் பார்த்து, பேத்துப்பாறையிலிருந்து வந்த பெண்கள் தலைச்சுமையோடு நின்றார்கள். பேரம் பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மொத்தச் சந்தையும் அண்ணாந்து நிற்க, நூறையும் அவள் உரக்கவே எண்ணினாள். எழுபதில் யாரோ தும்மியதைத் தவிர ஒரு குறையுமில்லை. மூடியைப் போட்டபோது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

படம் பாலசமுத்திரம் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் பதில் வந்தது. மரியம் பீவி சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருந்தார்கள்.

"இம்புட்டுப் பேரும் ஒன் ஜன்னலையே பாத்துக்கிட்டு நிக்கிறாகளே. நீ கீழ வர வேணாம் தாயி. பெருநாளைக்கு நான் மேல வாரேன். அந்த ஜன்னல்ல நானும் ஒருவாட்டி நிக்கணும்."